‘பிரெஞ்சு கனெக்‌ஷன்’ படத்தை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

முதல் தடவை இந்தப் படத்தைப் போட்டபோது நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். போலீஸ் படம் என்றால் இதுதான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லியிருந்தார். போட்டுப் பார்த்தால், இரண்டு பேர் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கி யாரோ ஒருவன் பின்னாலேயே நடக்கிறார்கள். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுபடியும் காரில் உட்காருகிறார்கள். எப்போதடா கதை ஆரம்பிக்கும் என்று போனை எடுத்தேன், படம் கைநழுவிப் போய்விட்டது.

சில வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது, அந்த நிற்பதும் நடப்பதும்தான் கதை. கார் துரத்தலுக்குப் பேர்போன படம் இது. ஆனால் 104 நிமிடத்தில் பெரும்பகுதி காத்திருப்புதான். இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பாதித் தடை விலகிவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்தப் பிரதி?

சாதாரணமாக நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் விதிவிலக்கு. 2009இல் வெளிவந்த புளூரே பதிப்பில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் நிறங்களை மாற்றிவிட்டார். எல்லாம் வெளிறி, சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் வெளிப்படையாகவே கண்டித்தார். பிறகு 2012இல் இருவரும் சேர்ந்து நிறத்தைச் சரிசெய்த பதிப்பு வந்தது. கிடைத்தால் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. 2023இல், ஓடிடியில் ஓடிய பிரதியில் ஒரு சின்னப் பகுதி சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். நாயகன் கருப்பினத்தவரைப் பற்றி இழிவான வார்த்தை சொல்லும் இடம் அது. சில நொடிகள்தான். ஆனால் அந்த ஆள் யார் என்று நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பதே அந்த வசனம்தான். அதை எடுத்துவிட்டால் அவர் வெறும் முரட்டு போலீஸ்காரராகத் தெரிவார். வெட்டாத பிரதிதான் வேண்டும்.

குழந்தைகளோடு பார்க்கிற படமில்லை. சப்டைட்டில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பல வசனங்கள் தெருச் சத்தத்துக்குள் வேண்டுமென்றே புதைக்கப்பட்டிருக்கின்றன.

தெரிந்துகொள்ள வேண்டிய பின்னணி

அதிகம் வேண்டாம். துருக்கியில் விளைந்த ஓபியம் பிரான்சின் மார்சேய் துறைமுக நகருக்கு வரும். அங்கே ரகசிய ஆய்வுக்கூடங்களில் ஹெராயினாக மாறி, கடல் கடந்து நியூயார்க் போகும். இந்த வழிக்குத்தான் ‘பிரெஞ்சு கனெக்‌ஷன்’ என்று பேர். 1961-62இல் எடி ஈகன், சன்னி குரோஸோ என்ற இரண்டு நியூயார்க் துப்பறியும் போலீஸார், ஒரு காருக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட பெரிய சரக்கைப் பின்தொடர்ந்தார்கள். ராபின் மூர் அந்த வழக்கைப் புத்தகமாக எழுதினார், 1971இல் அது படமானது. ஜீன் ஹாக்மன் நடித்த ‘பப்பாய்’ டாயில் பாத்திரம் ஈகனை வைத்து உருவானது. ராய் ஷைடர் நடித்த ருஸ்ஸோவுக்கு மூலம் குரோஸோ.

ஒரு வேடிக்கை: அந்த இரண்டு அசல் போலீஸ்காரர்களும் படத்தில் நடித்திருக்கிறார்கள். டாயிலைத் திட்டிக்கொண்டே இருக்கும் மேலதிகாரியாக வருபவர்தான் ஈகன். தன் நகலைத் தானே திட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரீட்கின் ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர். நடிகர்கள் எங்கே போவார்கள் என்பதைப் பல காட்சிகளில் கேமராக்காரரிடம் சொல்லாமலே வைத்திருந்தார். கேமரா அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் படம் முழுக்க கேமரா கொஞ்சம் தாமதமாகத் திரும்புவதுபோல, எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. கையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய என்ரிக்கே பிராவோ, அதற்கு முன் கியூபப் புரட்சியைப் படம்பிடித்தவர். குலுங்கும் கேமராவைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் கால் மணி நேரம்

மார்சேயில் தொடங்கும். ஒருவர் இன்னொருவரைக் கண்காணிக்கிறார். பேச்சே இல்லை. கண்காணித்தவர் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், வாசலில் சுடப்படுகிறார். சுட்டவன் போகிற போக்கில் அந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறான். அந்தத் துண்டு ரொட்டியை நினைவில் வையுங்கள். சாப்பாடு இந்தப் படத்தில் சும்மா வராது.

அங்கிருந்து புரூக்ளின். டாயில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் மணி ஆட்டிக்கொண்டு நிற்கிறார், ருஸ்ஸோ வண்டியில் ஹாட்டாக் விற்கிறார். ஒருவனைத் துரத்திப் பிடித்து, சந்துக்குள் தள்ளி விசாரிக்கிறார்கள். இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் குழம்புவார்கள். “பொகிப்சியில் காலைச் சுரண்டினாயா?” என்று டாயில் திரும்பத் திரும்பக் கேட்பார். பொகிப்சி என்பது நியூயார்க்குக்கு வடக்கே உள்ள ஓர் ஊர். சப்டைட்டில் தப்பு என்று நினைத்து நானே பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தப்பு இல்லை, அது ஈகனின் நிஜ உத்தி. ஒரு போலீஸ்காரர் அர்த்தமே இல்லாத கேள்வியைக் கத்திக் கேட்பார், இன்னொருவர் அமைதியாக அர்த்தமுள்ள கேள்வியைக் கேட்பார். பயந்துபோனவன், பதில் சொல்லக்கூடிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். அதுவரை ‘தெரியாது’ என்றவன் இப்போது வாயைத் திறந்துவிடுவான்.

பேச்சை விட்டுவிட்டுக் கண்களைப் பின்தொடருங்கள்

யார் யாருக்கு என்ன உறவு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ஒரே தடவையில் பிடிபடாது. பரவாயில்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள்? பார்க்கப்படுபவருக்கு அது தெரியுமா?

இதைப் பழக இரண்டு இடங்கள். முதலாவது, பீட்சா. கடத்தல் தலைவன் ஷார்னியே உயர்தர உணவகத்துக்குள் கதகதப்பாக உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக ருசித்துச் சாப்பிடுகிறான். எதிர்ப்புறம் தெருவில், குளிரில், டாயில் நின்றுகொண்டே பீட்சாவைக் கடிக்கிறார். காகிதக் கோப்பையில் வந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தரையில் ஊற்றுகிறார். மூக்கு உறிஞ்சல், காலை மாற்றி மாற்றி வைத்தல், அவ்வளவுதான். ஒரு வசனம்கூட ‘நான் ஏழை, நீ பணக்காரன்’ என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் நடுங்குகிறது, குற்றம் எந்தப் பக்கம் வாய் துடைத்துக்கொள்கிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது. என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இதுதான், அந்தப் புகழ்பெற்ற துரத்தல்கூட இதற்கு அடுத்ததுதான். நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, கிராண்ட் சென்ட்ரல் சுரங்க ரயில் நிலையம். ஷார்னியே ரயிலில் ஏறுகிறான், டாயிலும் ஏறுகிறார். அவன் இறங்குகிறான், இவரும் இறங்குகிறார். இருவரும் ஒருவரையொருவர் கவனிக்காத மாதிரி நடிக்கிறார்கள், இருவருக்கும் உண்மை தெரியும். கடைசியில் மூடப் போகும் கதவுக்கு நடுவே குடையை நீட்டித் தடுத்து, உள்ளே நுழைந்துவிடுகிறான். ரயில் நகரும்போது, ஜன்னல் வழியே விரல்களை மட்டும் மெல்ல ஆட்டி டாட்டா காட்டுகிறான். அந்த விரலசைவையும் மறக்காதீர்கள், கடைசியில் அது திரும்பி வரும்.

ஷார்னியேவாக நடித்தது ஸ்பெயின் நடிகர் ஃபெர்னாண்டோ ரே. ஃபிரீட்கின் மனதில் இருந்தது வேறொரு ஸ்பானிய நடிகர். பெயர் குழப்பத்தில் ஆள் தேர்வாளர் இவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தாடியும் கோட்டும் குடையுமாக வந்து இறங்கிய மனிதர் அந்தப் பாத்திரத்துக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்திவிட்டார். நல்ல தப்பு!

டாயிலை நேசிக்க வேண்டியதில்லை

போலீஸ் படம் என்றாலே நாயகன் பக்கம் நிற்கப் பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. டாயில் இனவெறி பேசுகிறார், கருப்பினத்தவர்கள் கூடும் மதுக்கடைக்குள் புகுந்து எல்லோரையும் சுவரோடு நிறுத்தி அவமானப்படுத்துகிறார், தன் கணிப்பு தப்பி ஒருவர் உயிர் போனாலும் அசைவதில்லை. வேலையில் அவர் கெட்டிக்காரரா என்றால் அதுவும் சந்தேகம். மோப்பம் இருக்கிறது, நிதானம் இல்லை.

ஹாக்மனுக்கே இது எளிதாக இல்லை. படப்பிடிப்புக்கு முன் ஹாக்மனும் ஷைடரும் ஈகன், குரோஸோவோடு, கருப்பினத்தவர்கள் அதிகம் வாழும் ஹார்லெம் பகுதியில் ரோந்து போனார்கள். அங்கே பார்த்ததும் கேட்டதும் ஹாக்மனைக் கூச வைத்தது. தொடக்கத்திலேயே படத்திலிருந்து விலகிவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த ஒவ்வாமை நடிப்பிலும் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். டாயிலின் சிரிப்பில் சந்தோஷம் இருக்காது. அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. படத்துக்கு மொத்தம் 5.

‘இவர் நல்லவரா கெட்டவரா’ என்ற கேள்வியோடு மல்லுக்கட்டாதீர்கள். ‘இவரை எது நிறுத்தும்?’ என்று கேட்டுக்கொண்டு பாருங்கள்.

அந்தத் துரத்தல்

சரி, எல்லோரும் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இதை மட்டும் தனியாக யூடியூபில் பார்த்துவிட்டு வராதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் ஒரு மணி நேர மெதுநடை இல்லாமல் இதற்கு அழுத்தம் வராது. இதுவரை நின்று நின்று பொறுத்திருந்த ஆள் இப்போது அவிழ்த்துவிடப்படுகிறார்.

ஷார்னியேவின் ஆள் நிக்கோலி, டாயில் வீட்டருகே மாடியிலிருந்து அவரைக் குறிபார்த்துச் சுடுகிறான். குழந்தை வண்டி தள்ளிவரும் ஒரு பெண்மேல் குண்டு பாய்கிறது. நிக்கோலி தப்பி, தூண்களின் மேல் ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறான். டாயில் வழியில் போன ஒரு காரை மறித்துப் பிடுங்கி, தண்டவாளத்துக்கு நேர் கீழே உள்ள தெருவில் விரட்டுகிறார். இதில்தான் புதுமை. கார் காரைத் துரத்தவில்லை. மேலே இருப்பவன் கண்ணுக்கே தெரியாத எதிரி. அவனுக்குத் தடமும் உண்டு, தடையும் இல்லை. கீழே இருப்பவருக்கு இரும்புத் தூண்கள், சிக்னல், லாரி, மனிதர்கள்.

எடுத்த இடம் புரூக்ளின், ஸ்டில்வெல் அவென்யூ, 86ஆம் தெரு, நியூ உட்ரெக்ட் அவென்யூ வழியாக. வெஸ்ட் எண்ட் ரயில் தடத்துக்கு அடியில். இன்றும் ரயில் அங்கே மேலேதான் ஓடுகிறது. முன் பம்பரில் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். அதனால்தான் தூண்கள் நம் முகத்துக்கு நேரே பாய்கின்றன. சில காட்சிகளைக் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்து ஃபிரீட்கினே படம்பிடித்தார். மற்ற கேமராக்காரர்களுக்குக் குடும்பம் இருந்தது, எனக்கு அப்போது இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஓட்டியவர் பில் ஹிக்மன் என்ற ஸ்டண்ட் ஓட்டுநர். முறையான அனுமதி வாங்காமல், போக்குவரத்தை நிறுத்தாமல், 26 பிளாக் தூரம் மணிக்கு 90 மைல் வேகம் வரை ஓட்டியதாகவும் ஃபிரீட்கின் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். யாரும் சாகாதது அதிர்ஷ்டம்தான் என்றும் சொன்னார். இதைப் பெருமையாகச் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை.

பார்க்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. டான் எல்லிஸ் என்ற ஜாஸ் கலைஞரின் கூர்மையான இசை மற்ற இடங்களில் நம்மைக் குத்திக்கொண்டே இருக்கும். இங்கே அது வாயை மூடிக்கொள்கிறது. ரயிலின் கடகடப்பு, ஹாரன், பிரேக் கிறீச்சல், காருக்குள் ஹாக்மனின் கத்தல். எடிட்டர் ஜெரால்ட் கிரீன்பெர்க் மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றி வெட்டும்போது, ரயில் பெட்டியின் சத்தம் தெருவிலும் எதிரொலிப்பதால் இரண்டு இடங்களும் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், மேலா கீழா என்பது சத்தத்திலேயே தெரியும்.

முடிவில் நிலையத்தின் படிக்கட்டில் என்ன நடக்கிறது என்பதைப் படத்தின் போஸ்டரே காட்டிவிட்டது. அந்தக் காலத்து விளம்பரக்காரர்களை என்ன செய்ய! முடிந்தால் போஸ்டரைப் பார்க்காமல் வாருங்கள்.

காரைப் பிரிக்கும் காட்சி

துரத்தல் முடிந்ததும் பலர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். போகாதீர்கள். பிரான்சிலிருந்து வந்த லிங்கன் காருக்குள் சரக்கு இருக்கிறது என்று டாயிலுக்கு நிச்சயம். பணிமனையில் இருக்கையைக் கிழித்து, தரையைப் பெயர்த்து, அடிவரை பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. அப்போது ருஸ்ஸோ எடையைக் கேட்கிறார். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எடையைவிட, கார் வந்து இறங்கியபோது பதிவான எடை 120 பவுண்டு அதிகம். ஏறக்குறைய 54 கிலோ. ‘எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம்’ என்கிறார் மெக்கானிக், ‘கதவுக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டுத் தகடுகளைத் தவிர.’ அங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, ஒரு கழித்தல் கணக்கு. நிஜப் போலீஸ் வேலை எப்படி நகர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஐந்து நிமிடம் எனக்குத் தெரியாது.

முடிவு (பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்)

போலீஸ் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, சரக்கு கைமாறுகிறது. திரும்பும் வழியில் பாலத்தில் போலீஸ் மறித்து நிற்கிறது. டாயில் ஷார்னியேவைப் பார்த்து விரல்களை மட்டும் மெல்ல ஆட்டுகிறார். ரயில் ஜன்னலில் பார்த்த அதே அசைவு. மற்ற படங்கள் இங்கே முடிந்துவிடும்.

இது முடியாது. பாழடைந்த கட்டடம், ஈரம், இருட்டு. டாயில் ஒரு நிழலைச் சுடுகிறார். விழுந்தவர் ஷார்னியே இல்லை, மத்திய அரசு ஏஜென்ட் மல்டெரிக். (துரத்தலில் கார் ஓட்டிய ஹிக்மன்தான் இவராக நடித்தவர்.) டாயில் ஒரு கணம் நிற்கிறார், மறுபடி துப்பாக்கியில் குண்டு நிரப்புகிறார், ‘அவன் இங்கேதான் இருக்கிறான்’ என்று இருட்டுக்குள் போய்விடுகிறார். கதவுக்கு அப்பால் ஒரே ஒரு வெடிச் சத்தம். படம் முடிந்தது.

அந்த வெடி யாருக்கு? இதைப் பற்றி ஐம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. விடை கிடையாது, தேட வேண்டாம். அதன் பிறகு திரையில் வரும் எழுத்துகளைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவர் மீதான வழக்கு தள்ளுபடி. ஒருவருக்குத் தண்டனை நிறுத்திவைப்பு. காரைக் கொண்டுவந்தவனுக்கு 4 வருடம். ஷார்னியே பிடிபடவே இல்லை. டாயிலும் ருஸ்ஸோவும் போதைப்பொருள் பிரிவிலிருந்து மாற்றப்பட்டார்கள். இவ்வளவு குளிருக்கும் கண்விழிப்புக்கும் கிடைத்த கூலி அது.

நிஜத்தில் இதைவிடக் கசப்பான பின்கதை ஒன்று உண்டு. அந்த வழக்கில் கைப்பற்றிய ஹெராயின் நியூயார்க் போலீஸின் பொருள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தது. படம் ஆஸ்கர் வாங்கிய அதே 1972இல், அது காணாமல் போயிருப்பது வெளியே தெரிந்தது. யாரோ திருடிவிட்டு மாவை நிரப்பி வைத்திருந்தார்கள்.

அப்புறம் என்ன பார்க்கலாம்?

உடனே இரண்டாம் பாகத்துக்குப் போகாதீர்கள். 1975இல் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கியது, டாயில் மார்சேய்க்கே போகிறார். மோசமில்லை, ஆனால் அது முற்றிலும் கற்பனைக் கதை, முதல் படத்தின் திறந்த கதவை ஓரளவு மூடிவிடுகிறது. கொஞ்ச நாள் அந்த வெடிச் சத்தத்தோடு இருந்துவிட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் 1968இல் வந்த ‘புல்லிட்’ பார்க்கலாம். அதன் தயாரிப்பாளர் ஃபிலிப் டி அன்டோனிதான் இதற்கும் தயாரிப்பாளர், அதிலும் ஹிக்மன் கார் ஓட்டியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பளபளப்பாக எடுக்கப்பட்ட அந்தத் துரத்தலையும் இந்த அழுக்குத் துரத்தலையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஃபிரீட்கின் எதைத் தவிர்க்க நினைத்தார் என்பது விளங்கும்.

ஆனால் முதலில் இதையே இரண்டாம் தடவை பாருங்கள், ஒரு குளிர்ந்த இரவாக இருந்தால் நல்லது. இம்முறை டாயிலை விட்டுவிட்டு ருஸ்ஸோவை மட்டும் கவனியுங்கள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறவர் அவர், எடையைக் கேட்டவரும் அவர்தான். கடைசிக் காட்சியில் செத்துக் கிடப்பவர் யார் என்பதைக் குனிந்து பார்த்துச் சொல்கிறவரும் அவர்தான். டாயில் போன பிறகு அந்த முகத்தைப் பாருங்கள்.